அமீபா விழுங்கும் அளவில் ஒரு வைரஸ்

கேள்வி இதுதான்: பாக்டீரியா அளவுக்குப் பெரிய வைரஸ்கள் அமீபாவுக்குள் வாழ்கின்றன என்கிறார்களே, அவை உண்மையிலேயே வைரஸ்கள்தானா, இல்லை வைரஸுக்கும் செல்லுக்கும் நடுவில் உள்ள வேறு ஏதாவதா? சைபீரியாவின் உறைந்த மண்ணிலிருந்து அவை வெளியே வந்தால் நமக்கு ஆபத்தா?

வைரஸ்கள்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் விஷயத்தின் சுவையான பகுதி விட்டுப்போகும். இந்த ராட்சத வைரஸ்கள் குளத்திலும் சாக்கடையிலும் கடலிலும் மண்ணிலும் சாதாரணமாகக் கிடைப்பவை. அப்படியிருந்தும் 2003 வரை இவை என்னவென்று யாருக்கும் தெரியாது. வைரஸ் என்றால் என்ன என்று நாம் வைத்திருந்த வரையறைதான் அவற்றை மறைத்து வைத்திருந்தது. அது எப்படி நடந்தது என்று பார்த்தால் மற்ற கேள்விகளுக்கும் வழி பிறக்கும்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். போலியோ வைரஸின் குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர். கொரோனா, இன்ஃப்ளூயன்சா வைரஸ்கள் 100 நானோமீட்டரை ஒட்டி வரும். ராட்சத வைரஸ்களில் முதலில் இனம் காணப்பட்டது மிமிவைரஸ். அதன் கூடு, அதாவது டிஎன்ஏவைப் பொதிந்து வைக்கும் புரத ஓடு மட்டுமே சுமார் 500 நானோமீட்டர். அதைச் சுற்றி முடி முடியாக நிற்கும் இழைகளையும் சேர்த்தால் 750. பித்தோவைரஸ் என்ற இன்னொரு ராட்சத வைரஸ் 1,500 நானோமீட்டர், அதாவது ஒன்றரை மைக்ரான் நீளம். நம் குடலில் இருக்கும் ஈ.கோலை பாக்டீரியாவே 2 மைக்ரான் சுமார்தான்.

மரபணுத் தொகுதியிலும் இதே கதை. எச்ஐவியின் மரபுச் செய்தி ஏறக்குறைய 10,000 எழுத்துகள், 9 மரபணுக்கள். கொரோனா வைரஸுக்கு 30,000 எழுத்துகள். மிமிவைரஸுக்கு 12 லட்சம் எழுத்துகள், ஆயிரத்தை ஒட்டிய மரபணுக்கள். பண்டோராவைரஸ் சாலினஸ் என்ற இனத்துக்கு 25 லட்சத்தை நெருங்கும் எழுத்துகளும் 2,500க்கு மேற்பட்ட மரபணுக்களும் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பாக்டீரியாவைச் சொல்கிறேன்: மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் என்ற முழுமையான செல், சுமார் 5.8 லட்சம் எழுத்துகளிலும் 500ஐ ஒட்டிய மரபணுக்களிலும் பிழைப்பு நடத்துகிறது. அந்தச் செல்லைவிட நான்கு மடங்கு பெரிய மரபணுத் தொகுதி ஒரு வைரஸுக்கு இருக்கிறது.

இப்போது வரையறைக்கு வருவோம். பாஸ்டரின் ஆய்வகத்தில் இருந்த சார்லஸ் சாம்பர்லாண்ட் 1884இல் ஒரு பீங்கான் வடிகட்டியைச் செய்தார். அதன் துளைகள் பாக்டீரியாவைப் பிடித்து நிறுத்திவிடும். 1892இல் ரஷ்யாவின் திமித்ரி இவானோவ்ஸ்கி, தேமல் நோய் வந்த புகையிலை இலைகளின் சாற்றை அதில் வடித்தார். வடித்த தெளிந்த சாறும் நோயை உண்டாக்கியது. 1898இல் நெதர்லாந்தின் மார்ட்டினஸ் பெய்யரிங்க் அதையே செய்து, பாக்டீரியா அல்லாத வேறொரு நோய்க்காரணி இருக்கிறது என்று அடித்துச் சொன்னார். வைரஸ் ஆய்வு என்ற துறையே அந்த வடிகட்டியிலிருந்துதான் பிறந்தது. துளை வழியே போனால் வைரஸ், மேலே தங்கினால் பாக்டீரியா. பின்னாளில் 0.2 மைக்ரான் துளை கொண்ட வடிகட்டிகள் எல்லா ஆய்வகத்திலும் நிரந்தரமாக இடம் பிடித்தன. நீரில் உள்ள வைரஸ்களை எண்ண வேண்டுமா, முதலில் அதில் வடிகட்டு என்பதுதான் பாடம்.

சல்லடையில் தங்கியதையெல்லாம் உமி என்று நினைத்துத் தூக்கி எறிந்தால், பெரிய மணிகளும் உமியோடு போய்விடும். நூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது அதுதான். வடிகட்டியின் மேல் தங்கியதை பாக்டீரியா ஆராய்பவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் அதில் ரைபோசோம், அதாவது செல்லுக்குள் புரதம் கட்டும் கருவி, சார்ந்த மரபணுக்களைத் தேடினார்கள். பாக்டீரியாவை இனம் காண அதுதான் வழி. வைரஸுக்கு ரைபோசோம் கிடையாது என்பதால் அந்தத் தேடலிலும் இவை சிக்கவில்லை. இரண்டு தரப்பும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்தார்கள், இவை மட்டும் இரண்டுக்கும் நடுவே நழுவிப் போய்விட்டன.

1992இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் நிமோனியா பரவியது. காரணம் லெஜியோனெல்லாவாக இருக்குமோ என்று தேடினார்கள். 1976இல் பிலடெல்பியா ஹோட்டல் ஒன்றில் நடந்த மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கியதே, அந்த பாக்டீரியாதான். அது குளிரூட்டும் கோபுரங்களின் தண்ணீரில் உள்ள அமீபாக்களுக்குள் வளரும். லீட்ஸ் நகரப் பொதுச் சுகாதார ஆய்வகத்தில் இருந்த டிமத்தி ரோபாதம் அமீபாக்களை வளர்த்து அவற்றுக்குள் பாக்டீரியா தேடுவதில் கைதேர்ந்தவர். அவர் பிராட்ஃபோர்டு குளிரூட்டும் கோபுரத்துத் தண்ணீரில் இருந்த ஒரு அமீபாவுக்குள் சின்னச் சின்ன உருண்டைகளைக் கண்டார். பாக்டீரியாவை இரண்டு வகையாகப் பிரிக்க உதவும் கிராம் சாயம் போட்டால், அதில் ஒரு வகையான கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாவைப் போலவே நிறம் ஏறியது. சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரிந்தது. பாக்டீரியா இல்லாமல் வேறென்ன என்று 'பிராட்ஃபோர்டுகாக்கஸ்' என்று பெயரும் வைத்தாயிற்று.

ஆனால் அது எந்த பாக்டீரியா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் வழக்கமான சோதனையில் ஒன்றும் வரவில்லை. செல் சுவர் கெட்டியாக இருக்கிறதோ, உடையவில்லையோ என்று பலவிதமாக முயன்றார்கள். கடைசியில் மாதிரி உறைபெட்டிக்குள் போய்விட்டது. பல ஆண்டுகள் கழித்து ரிச்சர்ட் பிர்டில்ஸ் அதை பிரான்சின் மார்செய் நகரத்தில் திதியே ரவுல் நடத்திய ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். அங்கே பெர்னார் லா ஸ்கோலா உள்ளிட்டவர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது விஷயம் வெளியானது: இருபது முக்கோண முகங்கள் கொண்ட கூடு. எத்தனையோ வைரஸ்களில் பார்த்துப் பழகிய வடிவம், ஆனால் யாரும் எதிர்பாராத அளவில். எந்த பாக்டீரியாவுக்கும் இப்படி ஓர் உடல் கிடையாது. 2003இல் அறிவிப்பு வந்தது. அடுத்த ஆண்டே முழு மரபணுத் தொகுதியும் வெளியானது. நுண்ணுயிரைப் போல நடிக்கும் வைரஸ் என்று மிமிவைரஸ் எனப் பெயரிட்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். ரோபாதம் பார்த்தது சரியாகவே பார்த்தார். வகைப்படுத்த முடியாத ஒன்றைக் குப்பையில் போடாமல் உறைய வைத்துப் பாதுகாத்தாரே, அது பெரிய காரியம். அந்தக் குப்பி போயிருந்தால் இந்தத் துறை இன்னும் எத்தனை ஆண்டுகள் தாமதமாகியிருக்குமோ.

சரி, ஏன் இவ்வளவு பெரிய உடல்? விடை அமீபாவின் சாப்பாட்டில் இருக்கிறது. அகாந்தமீபா மண்ணிலும் நன்னீரிலும் குழாய்த் தண்ணீரிலும்கூட இருக்கும் ஒரு செல் உயிர். 15 முதல் 30 மைக்ரான் வரை இருக்கும். பாக்டீரியாவைத் தின்றே உயிர் வாழும். எதிரில் ஒரு துகள் தட்டுப்பட்டால் தன் சவ்வை அதைச் சுற்றி வளைத்து, ஒரு பையாக்கி, உள்ளே இழுத்துக்கொள்ளும். லேடெக்ஸ் மணிகளைக் கொடுத்து 1960களில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு மைக்ரானுக்கு மேற்பட்ட மணிகளை அமீபா ஒன்றொன்றாக விழுங்கியது. அரை மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள மணிகளோ அதன் மேற்பரப்பில் கூட்டமாகச் சேர்ந்த பிறகுதான் உள்ளே போயின. அதாவது, தனித்த ஒரு சின்னத் துகளை அமீபா இரையாகவே மதிப்பதில்லை. இப்படிப்பட்ட ஒரு உயிருக்குள் தனியாக நுழைய நினைக்கும் வைரஸுக்கு பாக்டீரியா போல இருப்பது பெரிய வசதி. நம் உடலைத் தாக்கும் வைரஸ்கள் செல்லின் மேல் உள்ள ஒரு குறிப்பிட்ட ஏற்பியைப் பிடித்து உள்ளே போகின்றன. மிமிவைரஸோ தின்னப்படுவதையே நுழைவாயிலாக்கிக்கொண்டது. வெளியே உள்ள இழைகள் சர்க்கரைகளால் மூடப்பட்டிருக்கின்றன. கிராம் சாயத்தை ஏமாற்றிய அதே மேற்பூச்சு அமீபாவோடு ஒட்டிக்கொள்ளவும் உதவுகிறது.

எல்லா ராட்சத வைரஸும் இந்த ஒரே காரணத்தால்தான் வளர்ந்தன என்று நான் சொல்லவில்லை. 250 நானோமீட்டர் அளவே உள்ள மார்செய்வைரஸும் அமீபாவைத் தாக்கத்தான் செய்கிறது. ஆனால் பாக்டீரியா தின்னும் உயிர்களிடம் பாக்டீரியா அளவு வைரஸ்கள் மறுபடி மறுபடி கிடைப்பதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

உள்ளே போன பிறகு நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். விழுங்கிய பைக்குள் அமீபா செரிமான நொதிகளைக் கொட்டும். சாதாரண பாக்டீரியாவாக இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. மிமிவைரஸின் கூட்டில் ஒரு முனையில் மட்டும் ஐந்து கை நட்சத்திரம் போன்ற ஒரு முத்திரை இருக்கிறது. 2008இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஆப்ரகாம் மின்ஸ்கி குழுவினர் இதைத் தெளிவாகப் படம்பிடித்தார்கள். பைக்குள் அந்த நட்சத்திரம் பிளந்து, கூடு இதழ் இதழாக விரிகிறது. கூட்டின் உள்சவ்வு பையின் சவ்வோடு இணைந்து ஒரு வழி திறக்கிறது. அந்த வழியாக டிஎன்ஏ அடங்கிய உள்ளுருண்டை செல்லின் திரவத்துக்குள் இறங்கிவிடுகிறது. காலிக் கூடு பையிலேயே கிடக்கும்.

அந்த உள்ளுருண்டையில் டிஎன்ஏ மட்டும் இல்லை. டிஎன்ஏவைப் படித்து ஆர்என்ஏ எழுதும் நொதிகளையும் வைரஸ் கையோடு கொண்டுவருகிறது. அதனால் அமீபாவின் உட்கருவுக்குள் போய் அதன் எழுத்தர்களைக் கடத்த வேண்டிய தேவை மிமிவைரஸுக்கு இல்லை. செல்லின் திரவத்திலேயே வேலை தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் அங்கே ஒரு பெரிய திட்டு உருவாகிறது. இதை வைரஸ் தொழிற்சாலை என்பார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் சில வேளைகளில் அமீபாவின் சொந்த உட்கரு அளவுக்குப் பெரிதாக இருக்கும். நடுவில் டிஎன்ஏ நகல்கள் குவிகின்றன. ஓரத்தில் சவ்வுகள் சேர்ந்து புதுக் கூடுகள் முளைக்கின்றன. டிஎன்ஏ கூட்டுக்குள் நுழைவது நட்சத்திர முனை வழியாக அல்ல, வேறொரு பக்கத்து முகம் வழியாக. பிறகு இழைகள் ஏறும். ஏறக்குறைய 8 மணி நேரத்தில் அமீபா முழுக்கப் புது வைரஸ்கள். அரை நாளுக்கு மேல் ஆகும்போது செல் வெடித்து நூற்றுக்கணக்கானவை வெளியே வரும்.

இந்த வேலையில் வைரஸ் அமீபாவிடம் எதை வாங்குகிறது என்று பாருங்கள். ஆற்றலை வாங்குகிறது. ரைபோசோமை வாங்குகிறது. இந்த இரண்டும்தான் கேள்வியின் முதல் பாதிக்கு விடை. பிரெஞ்சு அறிவியலாளர் ஆந்த்ரே ல்வோஃப் 1957இல் வைரஸுக்குச் சில இலக்கணங்களைச் சொன்னார். ஒரே வகை நியூக்ளிக் அமிலம்தான் இருக்கும் என்பது ஒன்று. மிமிவைரஸின் துகளுக்குள் டிஎன்ஏவோடு ஆர்என்ஏவும் இருப்பதால் அது அடிபட்டது. ஆனால் ஆற்றல் உண்டாக்கும் நொதி அமைப்பு இருக்காது, வளர்ந்து இரண்டாகப் பிளந்து பெருகாது என்று அவர் சொன்ன மற்ற இரண்டும் இன்றும் நிற்கின்றன. ராட்சத வைரஸ் ஒருபோதும் பிளவதில்லை. தன்னைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதிதாகப் பல பிரதிகளாகக் கட்டப்படுகிறது. பாக்டீரியாவின் வாழ்க்கையில் அதற்கு இணையான ஒரு கட்டம் இல்லை. அதனால்தான் இவை வைரஸ்கள் என்று தயங்காமல் சொல்கிறேன்.

அப்படியானால் குழப்பம் எங்கே வந்தது? புரதம் கட்டும் கருவிகளில். புரதம் கட்ட ரைபோசோம் வேண்டும். அதற்கு அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக அதற்குரிய ஆர்என்ஏவோடு பூட்டிக் கொடுக்கும் நொதிகள் வேண்டும். 20 அமினோ அமிலங்களுக்கு 20 வகை. எந்த வைரஸுக்கும் இந்த நொதிகள் சொந்தமாக இருக்காது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். மிமிவைரஸில் 4 இருந்தன. 2011இல் சிலி நாட்டுக் கடற்கரையில் கிடைத்த மெகாவைரஸில் 7. 2017இல் ஆஸ்திரியாவின் க்ளோஸ்டர்நொய்பர்க் கழிவுநீர் நிலைய மாதிரிகளின் டிஎன்ஏவிலிருந்து தொகுக்கப்பட்ட க்ளோஸ்நியூவைரஸில் 19. 2018இல் பிரேசிலின் உவர்ச் சோடா ஏரியிலும் 3,000 மீட்டர் ஆழக் கடல் படிவிலும் கிடைத்த டூபன்வைரஸ்களில் முழு 20. இந்த டூபன்வைரஸுக்குத் தடித்த வால் ஒன்றும் உண்டு. வாலோடு சேர்த்தால் 2 மைக்ரானைத் தாண்டுகிறது. இவ்வளவு வைத்திருந்தும் ரைபோசோம் மட்டும் எதனிடமும் இல்லை.

இதிலிருந்துதான் பெரிய சண்டை தொடங்கியது. மார்செய் குழு 2004இலேயே, இவை பாக்டீரியா, அவற்றைப் போலவே உட்கரு இல்லாத ஆர்க்கியா, உட்கரு உள்ள செல்களைக் கொண்ட யூகேரியோட் என்ற மூன்று பெரும் பிரிவுகளுக்கு அப்பாற்பட்ட நான்காவது கிளையாக இருக்கலாம் என்றது. ஒரு காலத்தில் முழுச் செல்லாக இருந்து, ஒட்டுண்ணி வாழ்க்கையில் ஒவ்வொன்றாக இழந்து, இன்று வைரஸாக நிற்கின்றன என்பது அந்தப் பார்வை. எதிர்த் தரப்பில் யூஜின் கூனின் போன்றவர்கள், சின்ன வைரஸ்கள்தான் போகிற இடத்திலெல்லாம் மரபணுக்களைப் பொறுக்கிச் சேர்த்துப் பெருத்தன, அதுவும் தனித்தனியாகப் பல முறை நடந்தது என்றார்கள்.

என் மனம் இரண்டாம் தரப்பின் பக்கம். காரணம் க்ளோஸ்நியூவைரஸ். அதன் 19 நொதிகளும் ஒரே பழைய மூதாதையிடமிருந்து வந்திருந்தால், 19இன் வம்சாவளியும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ஆராய்ந்தபோது ஒவ்வொன்றும் வெவ்வேறு யூகேரியோட் உயிர்களிடமிருந்து வெவ்வேறு காலத்தில் வந்ததாகத் தெரிந்தது. இன்னொரு பரிசோதனையும் இதைப் புரிந்துகொள்ள உதவும். 2011இல் மிமிவைரஸை பாக்டீரியாவோ வேறு வைரஸோ இல்லாத சுத்தமான அமீபாக்களில் 150 முறை தொடர்ந்து வளர்த்துப் பார்த்தார்கள். 12 லட்சம் எழுத்துகள் 10 லட்சத்துக்கும் கீழே இறங்கின. மேலே இருந்த இழைகள் போயின. போட்டியில்லாத இடத்தில் தேவையில்லாததைக் கழித்துவிடுகிறது. பல உயிர்கள் ஒன்றாக நெருக்கும் அமீபாவின் வயிற்றில் சேர்த்துக்கொள்கிறது. இந்த மரபணுத் தொகுதிகள் இப்படி விரிந்தும் சுருங்கியும் வருபவை.

ஆனால் பொறுக்கிச் சேர்த்தவை என்று சொல்லி எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2013இல் ஜான்-மிஷெல் க்ளாவெரி, ஷந்தால் அபெர்ஜெல் இருவரின் குழு பண்டோராவைரஸ்களை அறிவித்தது. ஒன்று சிலி நாட்டில் ஓர் ஆறு கடலில் கலக்கும் இடத்திலிருந்து, மற்றொன்று ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் அருகே ஒரு நன்னீர்க் குளத்திலிருந்து. ஜாடி வடிவம், ஒரு முனையில் துளை. பழகிய கூட்டுப் புரதம்கூட இல்லை. சாலினஸின் மரபணுக்களில் 90 சதவீதத்துக்கு மேல் அதுவரை தெரிந்த எந்த உயிரின் மரபணுவோடும் ஒத்துப்போகவில்லை. யாரிடமிருந்தாவது எடுத்தது என்றால் யாரிடம்? 2018இல் அதே குழு ஒரு விடையை முன்வைத்தது: மரபணுக்களுக்கு இடையே வெறுமனே கிடக்கும் டிஎன்ஏ பகுதிகளிலிருந்து புது மரபணுக்கள் அங்கேயே பிறக்கின்றன. இந்த வைரஸ்கள் தாமே மரபணு உண்டாக்குகின்றன என்பது உண்மையானால் அது திருட்டை விடவும் வியப்பான விஷயம்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இன்னும் வரவில்லை. 2008இல் பாரிஸ் நகரக் குளிரூட்டும் கோபுரம் ஒன்றிலிருந்து மிமிவைரஸின் நெருங்கிய உறவு ஒன்று கிடைத்தது, மாமாவைரஸ் என்று பெயர். அதன் தொழிற்சாலையில் 50 நானோமீட்டர் அளவுள்ள குட்டித் துகள்கள் இருந்தன. ஸ்புட்னிக் என்ற இன்னொரு வைரஸ். 18,000 எழுத்துகள், 21 மரபணுக்கள். அமீபாவுக்குள் தனியாக இருந்தால் இதனால் பெருக முடியாது. மாமாவைரஸ் தொழிற்சாலை கட்டும்வரை இருந்து, அந்தத் தொழிற்சாலையைத் தனக்காக ஓட்டிக்கொள்ளும். இதனால் மாமாவைரஸின் நோய் பரப்பும் துகள்கள் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தன. உருவானவற்றிலும் பல கோணல்மாணலான கூடுகள். வெடித்துச் சாகும் அமீபாக்களின் எண்ணிக்கையும் குறைந்தது. வைரஸுக்கு நோய் வந்தது போன்ற நிலை. வைரோஃபேஜ் என்று ஒரு புதுப் பிரிவே பிறந்தது.

இதன் அடுத்த படி 2016இல் வெளியானது. கடலில் வாழும் கஃபெட்டீரியா என்ற நுண்ணுயிரை க்ரோவி என்ற ராட்சத வைரஸ் தாக்கும். அந்த க்ரோவியைத் தாக்கும் வைரோஃபேஜுக்கு மாவைரஸ் என்று பெயர். மத்தியாஸ் ஃபிஷர், தாமஸ் ஹேக்ல் இருவரும் கண்டது என்னவென்றால், மாவைரஸ் தன் டிஎன்ஏவை கஃபெட்டீரியாவின் மரபணுத் தொகுதிக்குள்ளேயே எழுதி வைத்துவிடுகிறது. அது அங்கே பேசாமல் இருக்கும், தலைமுறை தலைமுறையாக நகலெடுக்கப்படும். க்ரோவி வந்து தாக்கியவுடன் விழித்துக்கொள்ளும். தாக்கப்பட்ட செல் எப்படியும் சாகிறது. ஆனால் சாகும்போது மாவைரஸ்களையும் வெளியே விடுகிறது. அடுத்த தொற்றில் க்ரோவி பெருகுவதை அவை அடக்குகின்றன. பக்கத்துச் செல்கள் தப்பிக்கின்றன. ஒரு செல் உயிருக்குள் எழுதப்பட்ட வைரஸ், அதன் கூட்டத்துக்கே காவலாகிறது. மிமிவைரஸை 150 முறை வளர்த்தார்கள் என்றேனே, அதில் இழைகளை இழந்த வைரஸை ஸ்புட்னிக் தொற்றவில்லை. வைரோஃபேஜ் அந்த இழைகளைப் பிடித்துக்கொண்டுதான் பெரிய வைரஸோடு சேர்ந்து பயணிக்கிறது.

இவை உயிருள்ளவையா என்று பலரும் உடனே கேட்பார்கள். பத்ரிக் ஃபோர்ட்டெர் என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் யோசனை எனக்கு ஏற்புடையதாகத் தெரிகிறது. வெளியே கிடக்கும் துகளை வைரஸ் என்று பார்க்காதீர்கள், அது பரவுவதற்கான வடிவம் மட்டுமே; தொழிற்சாலையாக மாறிய அந்தச் செல்தான் வைரஸின் வாழும் வடிவம் என்கிறார். ராட்சத வைரஸ் தொற்றிய அமீபாவை நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

இவற்றைக் கண்டுபிடிக்கும் முறை வியக்கத்தக்க எளிமையானது. பல குழிகள் கொண்ட தட்டில் அமீபாக்களை வளர்க்க வேண்டும். பக்கத்துக் குளத்துத் தண்ணீரையோ கழிவுநீரையோ எடுத்து, பாக்டீரியாவையும் பூஞ்சையையும் அடக்கும் மருந்துகளைச் சேர்த்து, ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் விட வேண்டும். அப்புறம் தினமும் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நலமான அமீபாக்கள் தட்டின் அடியில் பரந்து ஒட்டிக்கொண்டு மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும். தொற்று வந்த குழியில் அவை உருண்டையாகி, பிடி விட்டு மிதந்து, சில நாளில் உடைந்து காணாமல் போகும். அந்தக் குழியின் திரவத்தைப் புது அமீபாக்களுக்குக் கொடுத்து, மறுபடி அதே ஆனால், உள்ளே எதுவோ இருக்கிறது. வடிகட்டி மட்டும் போடக் கூடாது.

எந்த அமீபாவை வளர்க்கிறோமோ அதைத் தாக்கும் வைரஸ்தான் கிடைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. அகாந்தமீபாவுக்குப் பதில் வெர்மமீபா என்ற வேறொரு இனத்தை வைத்துத் தேடியபோது 2015இல் ஃபாஸ்டோவைரஸ் கிடைத்தது. அது பன்றிகளைக் கொல்லும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸின் தூரத்து உறவு. நம் நாட்டில் ஐஐடி பாம்பேயில் கிரண் கொண்டபாகில் குழுவினர் மும்பைக் கழிவுநீரிலிருந்து மிமிவைரஸ் பாம்பே என்பதைப் பிரித்தெடுத்து 2016இல் வெளியிட்டார்கள். தொடர்ந்து பவாய், குர்லா என்று அந்த நகரத்து இடங்களின் பெயர் தாங்கிய வைரஸ்களும் வந்தன. தமிழ்நாட்டுக் குளங்களிலும் ஏரிகளிலும் யாராவது முறையாகத் தேடினால் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். நுண்ணுயிரியல் படிக்கும் மாணவர்கள் இதை ஒரு ஆய்வுத் தலைப்பாக யோசித்துப் பார்க்கலாம்.

கடைசியாக, ஆபத்து. 2014இல் சைபீரியாவின் சுகோட்கா பகுதியில் 30,000 ஆண்டுகள் உறைந்திருந்த மண்ணிலிருந்து பித்தோவைரஸ் பிரிக்கப்பட்டது. அமீபாவைக் கொடுத்தார்கள், தொற்றிப் பெருகியது. 2023இல் வந்த ஆய்வில் 48,500 ஆண்டுப் பழமையான உறைமண்ணிலிருந்து ஒரு பண்டோராவைரஸ். செய்திகளில் "பிணத்திலிருந்து எழுந்த வைரஸ்" என்ற பாணியில் தலைப்புகள் வந்தன. அந்த ஆய்வாளர்கள் அமீபாவைத் தேர்ந்தெடுத்ததே, மனிதரையோ விலங்கையோ தாக்கும் எதையும் தெரியாமல் வளர்த்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கையால்தான். பித்தோவைரஸ் நம் செல்லைத் தாக்காது. உறைமண் உருகுவதைப் பற்றிக் கவலைப்பட வேறு காரணம் இருக்கிறது: 2016இல் சைபீரியாவின் யமால் பகுதியில் ஆந்த்ராக்ஸ் பரவி ஆயிரக்கணக்கான கலைமான்கள் மடிந்தன, ஒரு சிறுவனும் இறந்தான். அதைச் செய்தது ராட்சத வைரஸ் அல்ல, நன்கு தெரிந்த ஒரு பாக்டீரியா.

மிமிவைரஸால் நிமோனியா வருமா என்பதும் நீண்ட நாள் கேள்வி. நிமோனியா நோயாளிகள் சிலரின் ரத்தத்தில் அதற்கு எதிரான ஆன்டிபாடிகள் இருந்ததாக மார்செய் குழு 2005இல் சொன்னது. 2013இல் துனீசியாவைச் சேர்ந்த ஒரு நிமோனியா நோயாளியின் மாதிரியிலிருந்து வைரஸே பிரிக்கப்பட்டது. ஆனால் வேறு இடங்களில் நோயாளிகளின் மாதிரிகளில் தேடியவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கும் இருக்கும் அமீபாவில் எங்கும் இருக்கும் வைரஸ், ஒருவரின் மூச்சுக்குழாயில் இருந்தது என்பதாலேயே நோய்க்குக் காரணம் ஆகிவிடாது. இன்றைய நிலையில் மனிதருக்கு நோய் தருவதாக நிரூபிக்கப்பட்ட அமீபா ராட்சத வைரஸ் எதுவும் இல்லை.

நீங்கள் பயப்பட வேண்டியது வைரஸைச் சுமக்கும் அமீபாவுக்குத்தான். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களின் கருவிழியை அகாந்தமீபா தாக்கினால் கடும் வலியும் பார்வை இழப்பும்கூட வரலாம். ஜெர்மனியில் அப்படிக் கண் பாதிக்கப்பட்ட ஒருவரிடமிருந்து எடுத்த அமீபாவுக்குள் விசித்திரமான ஓர் உட்குடியேறியை 2008இலேயே விவரித்திருந்தார்கள். அது என்னவென்று அப்போது யாருக்கும் புரியவில்லை. பண்டோராவைரஸ்கள் அறிவிக்கப்பட்ட பிறகு திரும்பிப் பார்த்தால், அதுவும் ஒரு பண்டோராவைரஸ். ஆகவே லென்ஸ் போடுகிறீர்கள் என்றால் அதையோ அதன் டப்பாவையோ குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், அதோடு குளிக்கவோ நீந்தவோ போகாதீர்கள், கடையில் விற்கும் லென்ஸ் கரைசலை மட்டும் பயன்படுத்துங்கள்.